கடலை மிட்டாய்க்கு எது தோது: வெல்லமா, கருப்பட்டியா, சீனியா?

கடலை மிட்டாய் பல்லில் ஒட்டினால் பலரும் கடலையைக் குறை சொல்வார்கள். கடலையில் பிழை வருவது அபூர்வம். எந்த இனிப்பில் பாகு எடுத்தோம், அது எவ்வளவு அவகாசம் தரும் என்று தெரியாமல் இறங்குவதால்தான் பெரும்பாலும் மிட்டாய் கெடுகிறது. பதம் வந்த பிறகு வெல்லப்பாகு ஓரளவு பொறுக்கும், கருப்பட்டி அதைவிடக் குறைவாகப் பொறுக்கும், சீனி பொறுக்கவே பொறுக்காது.

மூன்றுக்கும் கடலை வேலை ஒன்றுதான். 250 கிராம் கடலையை அடிகனமான சட்டியில் சிறுதீயில் 12 நிமிடம் போல வறுக்க வேண்டும். இரண்டு விரலால் தேய்த்தால் தோல் உதிர்ந்து, பருப்பு உள்ளேயும் இளம் பழுப்பாகத் தெரிய வேண்டும். தீயைக் கூட்டி அவசரமாக வறுத்தால் வெளியே கருகி, உள்ளே பச்சை வாடை நிற்கும். ஆறியதும் தேய்த்து, புடைத்து, பாதிப் பருப்பாக உடைத்துக்கொள்ளுங்கள். பாகில் கொட்டும் நேரத்தில் மட்டும் கடலை வெதுவெதுப்பாக இருக்கட்டும். குளிர்ந்த கடலை பட்டதும் பாகு இறுகிவிடும், பிறகு பரத்த வராது. பலகை, பூரிக்கட்டை, கத்தி மூன்றிலும் நெய் தடவி வைத்த பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள்.

வெல்லம்தான் நம் முதல் தேர்வு. 250 கிராம் கடலைக்கு 200 கிராம். கடையில் 'பாகு வெல்லம்' என்று கேட்டு வாங்குங்கள். பளிச்சென்ற மஞ்சள் வெல்லம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த நிறம் பெரும்பாலும் வெளுப்பதற்குப் போட்ட மருந்தால் வருவது. அதில் பாகு ஒழுங்காகக் கூடாது, சில நேரம் உப்புக் கரிக்கும். கரும்பழுப்பு வெல்லமே மேல். கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, மறுபடி அடுப்பில் வையுங்கள். முதலில் பெரிய நுரையாகப் பொங்கும். பிறகு குமிழ்கள் சிறுத்து, நெருங்கி, நிறம் ஆழமாகும். அதுவரை நடுத்தீ, அதற்கு மேல் சிறுதீ.

பதத்தை இந்த இடத்தில்தான் பிடிக்க வேண்டும். கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் எடுத்து ஒரு சொட்டுப் பாகு விடுங்கள். கரைந்தால் இன்னும் காய வேண்டும். விரலால் உருட்ட வந்து, அமுக்கினால் நசுங்கினால் அது உருண்டை பிடிக்கும் பதம். பொரிவிளங்காய்க்கு அந்தப் பக்கத்தில் நிறுத்தலாம், கடலை மிட்டாய்க்குப் போதாது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். உருண்டையைத் தட்டில் போட்டால் கல் விழுந்ததுபோல் 'டங்' என்று கேட்க வேண்டும், ஒடித்தால் வளையாமல் 'டக்'கென்று உடைய வேண்டும். மிட்டாய் பல்லில் ஒட்டுவது பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால் இறக்கியதால்தான். வெப்பமானி இருந்தால் சுமார் 145 முதல் 150 டிகிரி செல்சியஸ். பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, ஒரு ஸ்பூன் நெய், ஒரு சிட்டிகை சுக்குப் பொடி, கடலை எல்லாம் சேர்த்துக் கிளறிப் பலகையில் கொட்டித் தேயுங்கள். சூடு தணியுமுன் கோடு போட்டுவிட வேண்டும், ஆறிய பிறகு வெட்டினால் நொறுங்கும்.

கருப்பட்டியின் மணத்துக்கு ஈடு கிடையாது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாயும், கரும்பு வெல்லத்துக்கு மாறுமுன் கருப்பட்டியில் செய்யப்பட்டதுதான். உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் தொல்லையும் உண்டு. மண், தூசி இருக்கும் என்பதால் அரை டம்ளர் தண்ணீராவது விட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டி, தெளிய வைக்க வேண்டும். அத்தனை நீரும் வற்றக் கூடுதல் நேரம் பிடிக்கும். பாகு முன்னமே கருப்பாக இருப்பதால் கருகுவது கண்ணுக்குத் தெரியாது, மூக்கைத்தான் நம்ப வேண்டும். சட்டியிலிருந்து காட்டமான வாடை எழுந்தால் பதம் தாண்டிவிட்டது, மிட்டாய் கசக்கும். முதன்முறை செய்பவர்கள் பாதி வெல்லம், பாதி கருப்பட்டி போடுவது நல்லது. மணமும் வரும், நிறத்தை வைத்துப் பதமும் பிடிக்கலாம்.

சீனியில் செய்தால் கண்ணாடிபோல் மொறுமொறுப்பு வரும், வெல்ல ருசி வராது. 200 கிராம் சீனியைத் தண்ணீர் விடாமல் கனமான சட்டியில் பரப்பிச் சிறுதீயில் உருக்குங்கள். கரண்டி போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தால் கட்டி கட்டியாகும், சட்டியைச் சாய்த்துச் சுழற்றினால் போதும். தேன் நிறம் வந்த நொடியில் கடலையைக் கொட்ட வேண்டும். தேன் நிறத்துக்கும் கருகலுக்கும் இடையே சில நொடிகள்தான். தண்ணீர் விட்டுப் பாகு காய்ச்சுபவர்களுக்கு வேறு தொல்லை: ஓரத்தில் ஒட்டிய சீனி உள்ளே விழுந்தால் பாகு முழுதும் மணல்போல் பூத்துவிடும். அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டால் அது பெரும்பாலும் வராது. கடலை சேர்க்குமுன் பூத்திருந்தால் கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைத்து மறுபடி காய்ச்சலாம்.

நாட்டுச் சர்க்கரையை இதற்கு எடுக்காதீர்கள். பாகு சீராகக் கூடுவதில்லை, மிட்டாய் உதிரும்.

வைத்துத் தின்பதில் சீனி மிட்டாய் முந்தும். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் ஈரத்தை இழுக்கும் சர்க்கரைகள் இருப்பதால் ஐப்பசி மழையில் திறந்து வைத்தால் மறுநாளே பிசுபிசுக்கும். முழுதாக ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு எண்ணெய்த்தாள் விரியுங்கள். வெதுவெதுப்பாக மூடினால் மூடியில் வியர்த்து அந்த ஈரம் மிட்டாயிலேயே இறங்கும். பதம் குறைந்து இழுபடும் வெல்ல மிட்டாயை வீசிவிட வேண்டாம்: பிய்த்துப் போட்டு, ஒரு ஸ்பூன் நெய்யுடன் மிகச் சிறுதீயில் கைவிடாமல் கிளறி, பாகைத் தண்ணீரில் மறுபடி சோதித்துத் திரும்பத் தேய்க்கலாம். கருகிய பாகுக்கு மட்டும் வழியில்லை, அதில் கடலையைக் கொட்டாமல் நிறுத்தினால் கடலையாவது மிஞ்சும்.