பாஸ் மீனுக்கான தொடக்கநிலை ஜிக் பெட்டி: எதை வைத்துக்கொள்ளலாம், எதை ஒதுக்கலாம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் வட்டாரத்திலுள்ள விளையாட்டுப்பொருள் அங்காடி ஒன்று தன் சொந்த முத்திரையில் விற்கும், பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிக்க 'ஜிக்' எனப்படும் போலி இரைகள் அடங்கிய 'தொடக்கநிலை ஜிக் பெட்டி'யைப் பற்றியது இந்த மதிப்புரை. மூடி போட்ட ஞெகிழிப் பெட்டிக்குள் பன்னிரண்டு ஜிக்குகளும், அவற்றின் முள்ளில் கோக்க 'ட்ரெய்லர்' எனப்படும் ரப்பர் வால்கள் இரண்டு பொட்டலமும், நான்காக மடித்த ஒரு வழிகாட்டித் தாளும் இருக்கின்றன. விலை வரியோடு சேர்த்து 35 டாலருக்குச் சற்றுக் கூடுதல். ஏறத்தாழ இதே அமைப்பில் வேறு பல முத்திரைகளிலும் பெட்டிகள் கிடைக்கின்றன என்பதால், பெயரைவிட உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே வாங்குபவருக்குப் பயன்படும். என் கணிப்பு இதுதான்: பன்னிரண்டில் நான்கு நல்லவை, மூன்று சுமாரானவை, மற்றவை பெட்டி நிறைந்து தெரிவதற்காக வைக்கப்பட்டவை. தரக்குறைவைவிட எனக்குப் பெரிய குறையாகப் படுவது, ஒரே ஒரு ஜிக்கை வைத்துக்கொண்டு கை பழக வேண்டிய கட்டத்தில் இருப்பவருக்குப் பன்னிரண்டு வகைகளைக் கொடுத்துக் குழப்புவதுதான்.

ஜிக் என்பது ஈயத் தலையோடு சேர்த்து வார்க்கப்பட்ட ஒற்றை முள். அதன் கழுத்தில் சிலிக்கான் இழைகளாலான குஞ்சம். முள்ளின் முனையைப் புல்லும் கிளையும் பற்றாமல் காக்க, தலையிலிருந்து சாய்வாக நீளும் விறைத்த நார்க்கற்றை. இவ்வளவுதான். கிராங்க்பைட், ஸ்பின்னர்பைட் போன்ற போலி இரைகளை எறிந்துவிட்டு ரீலைச் சுற்றினாலே போதும், அவை தாமாக ஆடும், மின்னும், அதிரும். ஜிக்கோ கை அசைத்தால்தான் அசையும். இல்லையென்றால் தரையில் கிடக்கும். லார்ஜ்மவுத் பாஸ் நம் ஊர் விராலைப் போலப் புதரையும் மரத்தையும் ஒட்டிப் பதுங்கியிருந்து பாயும் மீன். அது அடித்தரையில் கிடக்கும் இரையை வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சி எடுக்கும். உறிஞ்சியது இரையல்ல என்று தெரிந்தால் உடனே துப்பியும் விடும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கணத்தில், தங்கூசி வழியாகக் கைக்கு வரும் மெல்லிய செய்தியைப் படிக்கக் கற்பதே ஜிக் பழகுவதில் பாதிக்கும் மேல். ஒரு பெட்டி தொடக்கக்காரருக்கு ஏற்றதா என்பதை, அந்தச் செய்தி கைக்கு வந்து சேர அது உதவுகிறதா என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

பெட்டியில் தலை வடிவம் மூன்று. 'ஃபுட்பால்' தலை, கோலுக்குக் குறுக்கே கிடத்திய, முட்டை வடிவ அமெரிக்கக் கால்பந்தைப் போல் இரு பக்கமும் அகன்றிருக்கும். 'ஆர்க்கி' தலை சற்றே தட்டையாகவும் முன்பக்கம் குறுகியும் எல்லா இடத்துக்கும் பொதுவான வடிவில் இருக்கும். 'ஸ்விம்' தலை கூர்மூக்கோடு, புல்லுக்கு நடுவே சிக்காமல் நீந்தி வரும்படி அமைந்தது. ஏரிக்குப் போவதற்கு முன் இவற்றைக் குளியல்தொட்டியில் ஓரடி நீர் நிரப்பிப் போட்டுப் பார்ப்பது நல்லது. தாளில் எழுதாத பலவும் அங்கே தெரியும். ஃபுட்பால் தலை தரையில் முட்டியவுடன் முள் மேல்நோக்கி நிற்க நிமிர்ந்து உட்கார்ந்தது. இழுத்தால் இடம்வலமாகத் தள்ளாடி, நின்றதும் மறுபடி நிமிர்ந்தது. ட்ரெய்லரின் இரு கொடுக்குகளும் மேலே தூக்கி நின்றதைப் பார்த்தால், மிரண்டு பின்வாங்கும் கிராஃபிஷ் (இறாலைப் போன்ற, கொடுக்குள்ள உயிரி) ஞாபகம் வராமல் போகாது. இந்தப் பக்கத்து ஏரிகளில் பாஸ் மீனின் முக்கிய உணவுகளில் ஒன்று அந்த நன்னீர்க் கிராஃபிஷ்தான். ஆர்க்கி தலை பாதி நேரம் பக்கவாட்டில் சாய்ந்தது. அது அந்த வடிவத்தின் இயல்பு, குறையல்ல. ஸ்விம் தலை தரையில் கிடக்கவென்று செய்யப்பட்டதே அல்ல. ஆகவே, அடித்தரையை உணரப் பழகும் ஒருவருக்கு இந்தப் பெட்டியிலுள்ள நான்கு ஸ்விம் ஜிக்குகளும் முதல் பருவத்தில் தேவையே இல்லை. பின்னாளில், கோடையில் புல்வெளிகளின் ஓரத்தில் சீராகச் சுற்றி இழுக்கும்போது அவை கைகொடுக்கும்.

முள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவான பெட்டிகளில் செலவைக் குறைக்கும் இடம் அதுதான். 3/8 அவுன்ஸ் ஆர்க்கி ஜிக்குகளில் 4/0 அளவு முள் இருக்கிறது. நகத்தின் மேல் சாய்த்து இழுத்தால் வழுக்காமல் பற்றுகிறது, கம்பியும் போதிய கனம். அரை அவுன்ஸ் ஃபுட்பால் ஜிக்குகளில் கம்பி அதே கனமாகத் தோன்றினாலும், நீரில் மூழ்கிய கிளையில் மாட்டியபோது பின்னல் நூலால் இழுத்ததில் ஒன்றின் வாய் விரிந்துவிட்டது. கிளையிலிருந்து மீண்டு வந்தது என்ற வகையில் அது லாபம். அப்படி விரியும் முள் ஐந்து பவுண்டு மீனை மரத்துக்குள் ஓடவிடாமல் திருப்பிக் கொண்டுவருமா என்பதுதான் கேள்வி. இன்னொன்று: முள்ளின் கண் முழுவதும் தலைக்குப் பூசிய வண்ணம் அடைத்திருக்கிறது. வேறொரு ஜிக்கின் முள்முனையால் குத்தி எடுக்காமல் நூலைக் கோக்க முடியாது. எடுத்த பிறகும் ஓரத்தில் தங்கும் பிசிறு தங்கூசியை அறுக்கக்கூடும் என்பதால், விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முடிச்சுப் போட வேண்டும்.

நார்க்கற்றை எல்லா ஜிக்கிலும் மிதமிஞ்சி விறைப்பாக இருக்கிறது. ஆட்காட்டி விரலால் அழுத்தினால் முள்முனை வரை எளிதாக வளைய வேண்டும். இவற்றில் விரல்தான் வலித்தது. இவ்வளவு விறைப்பான நார், கிளையைத் தடுப்பதைப் போலவே மீனின் வாயையும் தடுக்கும். பழகியவர்கள் செய்யும் வேலைதான் இதற்கு மருந்து: கத்தரிக்கோலால் நுனியைச் சற்று வெட்டி, முள்முனைக்குச் சிறிதளவே மேலே நிற்கும்படி விட்டு, நார்களைக் கைவிசிறிபோல் இரு பக்கமும் பிரித்துவிட வேண்டும், அதற்கும் இளகாவிட்டால் சில இழைகளை அடியோடு நறுக்கி எடுக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் இதைப் புதியவர் எவரும் தாமாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை; பெட்டியோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

எடையில் கால், 3/8, அரை அவுன்ஸ் என மூன்றும் கலந்திருக்கின்றன. கரையிலிருந்து பத்தடிக்குள் ஆழமுள்ள நீரில் எறிபவர் 3/8 அவுன்ஸையே எடுத்துக்கொள்ளலாம்: தரை தட்டுவது தெளிவாகத் தெரியும் அளவுக்குக் கனம், மீன் பார்த்து முடிவெடுக்கும் அளவுக்கு மெதுவான இறக்கம். காற்று பலமாக வீசும் நாளில் அரை அவுன்ஸ் உதவும். கால் அவுன்ஸ் தொடக்கக்காரரின் கையில் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. வண்ணங்களில் தெளிந்த நீருக்குப் பசும்பழுப்பான 'கிரீன் பம்ப்கின்', கலங்கிய நீருக்குக் கருநீலம் ஆகிய இரண்டும் போதுமானவை. இளஞ்சிவப்புத் தலையுள்ள இரண்டு ஜிக்குகள் வாங்குபவரின் கண்ணைக் கவரத்தான்.

ட்ரெய்லர்கள் நன்றாக இருக்கின்றன என்று தயங்காமல் சொல்லலாம். ஒரு பொட்டலத்தில் தட்டையான, அதிகம் ஆடாத வகை. மற்றதில் கொடுக்குகள் படபடக்கும் வகை. நீர் குளிர்ந்து மீன் மந்தமாக இருக்கும் மாதங்களுக்கு முன்னதும், வெதுவெதுப்பான மாதங்களுக்குப் பின்னதும் பொருந்தும் என்பது பாஸ் பிடிப்பவர்கள் பரவலாகச் சொல்வது. அனுபவமும் அதை ஒட்டியே இருந்தது. நீளம் மட்டும் சற்று அதிகம். தலைப்பக்கம் அரை அங்குலம் கிள்ளிவிட்டுக் கோத்தால் ஜிக்கின் உருவம் கச்சிதமாகிறது. இறக்கும் வேகமும் சற்றே மாறுகிறது. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பெட்டியை விட்டுவிட வேண்டாம். டெக்சாஸ் கோடையில் ட்ரெய்லர்கள் வளைந்து அந்த வடிவத்திலேயே நின்றுவிடும், குஞ்சத்தின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இவற்றை எறிந்து பார்த்தது பெரும்பாலும் டென்டன் நகருக்கு வடக்கேயுள்ள ரே ராபர்ட்ஸ் ஏரியில். அங்கே கரையோரக் கற்சரிவும் உண்டு, நீரில் மூழ்கி நிற்கும் மரங்களும் உண்டு. ஜிக்குக்கு இரண்டும் தேர்வுக்களம். கற்சரிவில் ஃபுட்பால் தலை தன் பெயரைக் காப்பாற்றியது. ஜிக்கை எறிந்து, நூலை முழுவதும் தொய்யவும் விடாமல் விறைக்கவும் விடாமல் இறக்கி, தரை தட்டியதும் கோலைப் பக்கவாட்டில் மெதுவாக இழுத்தால், ஒவ்வொரு கல்லும் 'டக், டக்' என்று கைப்பிடியில் எண்ணத்தக்கதாகக் கேட்கிறது. சேறு வந்தால் ஓசை அடங்கி ஒரு இழுபறியாக மாறுகிறது. கிளை வந்தால் கனம் மெல்ல ஏறி, தாண்டியதும் சட்டென்று இறங்குகிறது. மீனின் தொடுகை இவை எதையும் போலிருப்பதில்லை. சில வேளை ஒற்றைத் தட்டு. சில வேளை எதுவுமே தெரியாமல், நீரில் நுழையும் இடத்தில் நூல் மட்டும் பக்கவாட்டில் நகரும். இன்னும் சில வேளை, அங்கே இருக்க வேண்டிய எடை காணாமல் போயிருக்கும், ஏனென்றால் மீன் ஜிக்கை வாயில் வைத்துக்கொண்டு நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும். எது வந்தாலும் தொய்வை ரீலில் சுற்றியெடுத்துவிட்டுக் கோலை மேல்நோக்கி வலுவாக வெட்டி இழுக்க வேண்டும். கருநீல ஆர்க்கி ஒன்றைச் சாய்ந்த மரத்தின் நிழலில் விட்டபோது வந்த பாஸ் அளவில் சுமார்தான், ஆனால் மேல்தாடையின் நடுவில் முள் சரியாக ஏறியிருந்தது. வெட்டிச் சீராக்கிய நார் அதைத் தடுக்கவில்லை.

பெட்டியின் அட்டையில் எழுதாத செலவு ஒன்று உண்டு. இதிலுள்ள முட்களை மென்மையான கோலால் மீன் வாயில் ஏற்ற முடியாது. ஏழடி நீளமுள்ள, 'மீடியம் ஹெவி' வலுவில் நுனி மட்டும் வேகமாக வளையும் கோலும், 15 பவுண்டு ஃபுளோரோகார்பன் நூலும் குறைந்தபட்சத் தேவை. ஃபுளோரோகார்பன் நீரில் மூழ்குவது தொடுகையைக் கைக்குக் கொண்டுவர உதவுகிறது. 'பாலோமர்' என்னும் எளிய முடிச்சே போதும். இறுக்குமுன் எச்சிலாலோ ஏரித் தண்ணீராலோ நனைக்காவிட்டால் உராய்வுச் சூட்டில் நூல் வலுவிழக்கும். வழிகாட்டித் தாள் இதையெல்லாம் சொல்வதற்குப் பதிலாக, 1970களில் கலிபோர்னியாவின் பாஸ் மீன்பிடிப்பாளர் டீ தாமஸ் புகழ்பெறச் செய்த 'ஃபிளிப்பிங்' முறையை மூன்று படங்களோடு விளக்குகிறது. அருமையான முறைதான், ஆனால் குட்டையான தூரத்தில், பெரும்பாலும் படகின் முனையில் நின்று செய்யும் அதைக் கரையில் நிற்கும் புதியவருக்கு முதல் பாடமாக வைத்தவர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

இதே 35 டாலரைத் தனித்தனியாகச் செலவிட்டால் என்ன கிடைக்கும் என்றும் பார்க்க வேண்டும். பெயர்பெற்ற நிறுவனங்களின் ஜிக் ஒன்று பொதுவாக நான்கிலிருந்து ஆறு டாலர் வரை. கிரீன் பம்ப்கின் இரண்டு, கருநீலம் இரண்டு, எல்லாம் 3/8 அவுன்ஸ் ஆர்க்கி, கூடவே ஒரு பொட்டலம் ட்ரெய்லர் என்று வாங்கினால் மிச்சமே இருக்கும். முள் கூராக இருக்கும், நார் இளகியிருக்கும், கண் அடைத்திருக்காது. மாறாக, ஜிக் பழகும்போது கற்களிலும் மரங்களிலும் இழப்பு உறுதி. ஒன்று மூன்று டாலருக்கும் குறைவாக விழும் இந்தப் பெட்டி இருந்தால், மீன் இருக்கும் அடர்ந்த கிளைகளுக்குள் துணிந்து எறியக் கை வரும். பெட்டிக்குச் சாதகமாக நான் காணும் ஒரே வலுவான வாதம் இதுதான். இரண்டு பேர், தந்தையும் பிள்ளையுமாகச் சேர்ந்து பழகுவதானால் வாங்கலாம். தனி ஒருவர் நான்கு நல்ல ஜிக்குகளோடு தொடங்குவதே மேல்.

டெக்சாஸில் 17 வயது நிறைந்தவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். மாநிலப் பூங்காவின் எல்லைக்குள் கரையிலிருந்து பிடிப்பதற்கு அது தேவையில்லை என்பதால், பழகிப் பார்க்க நினைப்பவர்களுக்குப் பூங்காக்களே வசதி. பிடித்ததை வைத்துக்கொள்ள விரும்பினால், லார்ஜ்மவுத் பாஸுக்கு மாநிலம் முழுவதற்குமான பொது விதி குறைந்தது 14 அங்குல நீளம், நாளொன்றுக்கு ஐந்து மீன். ஆனால் ஏரிக்கு ஏரி விதிவிலக்குகள் உண்டு. டாலஸுக்குக் கிழக்கேயுள்ள லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸை விட்டுவிட வேண்டும். இந்தப் பெட்டியிலுள்ள தலைகள் யாவும் ஈயம். டெக்சாஸில் அதற்குத் தடையில்லை. லூன் என்னும் நீர்ப்பறவைகள் ஈயத்தை விழுங்கி இறப்பதைத் தடுக்க, நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைவான எடையும் கொண்ட ஈய ஜிக்குகள் தடைசெய்யப்பட்டுள்ளன. வடகிழக்கு மாநிலங்களுக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் இந்தப் பெட்டியை மூட்டைகட்டுவதற்கு முன் அந்தந்த மாநில விதிகளைப் பார்த்துக்கொள்வது நல்லது, ஈயத்துக்கு மாற்றான டங்ஸ்டன் தலை ஜிக்கின் விலை இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும் என்பதையும் கணக்கில் கொண்டு.