ஏழாம் கவுன்டருக்கு மட்டும் நான்கு நட்சத்திரம்

கொத்து ரொட்டிக் கடைக்கு நட்சத்திரம் போடுகிறோம், போன் திருத்துகிறவனுக்குப் போடுகிறோம். பிரதேச செயலகத்துக்கு மட்டும் ஏன் போடக்கூடாது? கொழும்பில் எந்தச் செயலகம் என்று எழுத மாட்டேன். அடுத்த மாதமும் நான் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சீனி வியாதி. புறக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் ஒப்செட் மெசின் ஓட்டினேன். நின்றுகொண்டே செய்கிற வேலை, காலோடு அதுவும் போனது. கனடாவில் இருக்கிற மச்சான், "வேலை போனால் அரசாங்கம் காசு தராதா?" என்று கேட்டான். இங்கே அப்படியொன்று கிடையாது. சம்பளத்தில் நம்முடைய 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் சேர்ந்த ஈ.பீ.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி, இருந்தது. அதுவும் வாடகைப் பாக்கிக்கும் வைத்தியச் செலவுக்கும் கரைந்துவிட்டது. மிஞ்சியது மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு ஒன்றுதான். முன்பு 7,500 ரூபாய், 2025இல் 10,000 ஆனது.

மூலைக் கடை நானாவின் கொப்பியில் மாதம் ஒருமுறை எங்கள் கணக்கை முடிப்பது அந்தக் காசுதான். ஒரு மாதம் அது வரவில்லை. தாமதமாக வருவது புதிதில்லையே என்று இருந்துவிட்டேன். அடுத்த மாதமும் இல்லை. மூன்றாம் மாதம் நானா ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் நிரம்பிவிட்டதால் கொப்பியைப் புரட்டி, புதுப் பக்கத்தின் தலையில் என் பெயரை எழுதி, கீழே கோடு போட்டார். அவர் இரண்டு சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வங்கியில் கேட்டால், "எங்களுக்கு வரவில்லை, செயலகத்தில் கேளுங்கள்." செயலகத்தில் கேட்டால், "நாங்கள் அனுப்பிவிட்டோம், வங்கியில் கேளுங்கள்." இந்த இரண்டுக்கும் நடுவே ஓட்டோவுக்கு மட்டும் கொடுத்த காசைக் கூட்டிப் பார்க்க வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

கட்டடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாசலில் சரிவுப் பாதை இருக்கிறது, நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். அது தொடங்கும் இடத்தில் எந்நேரமும் மூன்று மோட்டார் சைக்கிள் நிற்கும். மாற்றுத்திறனாளிகளின் அலுவல் நடப்பது முதலாம் மாடியில். லிஃப்டில் 'பழுது' என்று ஒட்டியிருக்கும் தாள் வெயிலில் மஞ்சளாகிவிட்டது. என் ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்துபோனது அந்தப் படிகளில்தான்.

நான்காம் கவுன்டரில் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "லபன சதியே என்ன." அடுத்த கிழமை வாருங்கள் என்று அர்த்தம். சிங்களத்தில் சதி என்றால் கிழமை, என்ன என்றால் வாருங்கள். தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரித்தான் கேட்கும். நான்காவது முறை அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முறைத்தார்.

இடையில் ஒரு படிவம் நிரப்பித் தரச் சொன்னார்கள். தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம், சிங்களத்தில் இருப்பதை நிரப்புங்கள் என்றார்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை எழுதித் தந்தது. மொழி விஷயத்தில் முறைப்பாடு செய்ய ஓர் அரச தொலைபேசி இலக்கம் இருக்கிறது: 1956. சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய 'சிங்களம் மட்டும்' சட்டம் வந்த வருடம் அது. யார் யோசித்து வைத்த இலக்கமோ! நான் எடுக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு சண்டை போதும்.

வழி காட்டியவர் அச்சகத்தில் என்னோடு வேலை செய்த பழைய நண்பர். "வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும், எழுதிக் கொடு" என்றார். 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எதற்காகக் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நான் தமிழில் நாலு வரி எழுதினேன்: என் கொடுப்பனவு எந்தத் திகதியில் அனுப்பப்பட்டது, எந்தக் கணக்குக்கு, திரும்பி வந்ததா, வந்தால் ஏன். கடிதம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சியும் கேட்டு வாங்கினேன்.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. "அங்கிள், புதன்கிழமை வாங்க, ஏழாம் கவுன்டர்."

அங்கே இருந்தது ஒரு சின்ன வயது மிஸ். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது, ஆனால் விடாமல் பேசுகிறார். முதலில் எழுந்து வந்து கதிரை போட்டார். பிறகு யாரும் செய்யாத ஒரு காரியம் செய்தார். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "அங்கிள் ஒரு ஆள், நம்பர் ரெண்டு" என்றார்.

விஷயம் இதுதான். என் பழைய அடையாள அட்டை தொலைந்து, போன வருடம் புதியது எடுத்தேன். பழையதில் 9 இலக்கமும் கடைசியில் வி எழுத்தும். புதியதில் 12 இலக்கம்: முன்னால் 19 சேரும், நடுவில் ஒரு 0 நுழையும், வி போய்விடும். செயலகத்தில் என் பெயருக்கு நேரே புதிய இலக்கத்தை ஏற்றிவிட்டார்கள். வங்கியில் பழையது. இரண்டும் பொருந்தாமல் காசு மூன்று முறை போய், மூன்று முறை திரும்பியிருக்கிறது. பேனா மூடியால் திரையில் ஒவ்வோர் இலக்கமாகத் தொட்டுக் காட்டி, அந்த நடு 0வில் நிறுத்தினார். "இது தான் கள்ளன்."

திரும்பி வந்த காசு திரையில் சிவப்பு எழுத்தில் இருந்தது. முதல் மாதத்திலிருந்தே இருந்தது. நான்காம் கவுன்டரில் இருந்தவரும் அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான், படியேறியபோது இல்லை. ஒரு குறுஞ்செய்தி அனுப்ப எவ்வளவு செலவாகும்?

மிஸ் ஒரு கடிதம் அடித்து முத்திரை குத்தித் தந்தார். வங்கியில் புதிய அட்டையைக் காட்டிப் பதிவை மாற்றினேன், பத்து நிமிட வேலை. பத்தொன்பது நாள் கழித்து மூன்று மாத நிலுவை, 30,000 ரூபாய், ஒன்றாக விழுந்தது. நானாவின் கொப்பியில் புதுப் பக்கத்தைக் குறுக்கே கோடடித்தோம்.

செயலகத்துக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் அந்தச் சரிவுப் பாதையைக் கட்டிய மேசனுக்காக. ஏழாம் கவுன்டருக்கு நான்கு. ஐந்தாவதை, 'எங்கள் பிழை' என்று ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் போட்டிருப்பேன்.

புதிய அடையாள அட்டை எடுத்தவர்கள் காசு நிற்கும்வரை காத்திராமல் முதலில் வங்கிக்குப் போய் இலக்கத்தை மாற்றுங்கள். செயலகத்துக்குப் போவதானால் புதன் காலை, எட்டரைக்கு முன்னால். சீக்கிரம் போங்கள். அந்த மிஸ்ஸுக்கு ஜனவரியில் இடமாற்றம் என்று வாசலில் பேசிக்கொண்டார்கள்.