தம்புள்ள விலை ஃபோனில பாக்கிறது: விசுவமடுவில இருந்து எட்டு வருச அனுபவம்

2017 ல இருந்து அநேகமா ஒவ்வொரு நாளும் விலை பாத்துத்தான் மரக்கறி குடுக்கிறன், கத்தரி, வெண்டி, பூசணி, அதோட கச்சானும் கொஞ்ச நெல்லும். கூடுதலாப் பாக்கிறது மத்திய வங்கி போடுற நாளாந்த விலை அறிக்கை, புறக்கோட்டை, தம்புள்ள மொத்த விலை நேத்தையதும் இண்டையதும் பக்கத்தில பக்கத்தில இருக்கும், ஏறுதோ இறங்குதோ எண்டு உடன விளங்கும். லீவு நாளில வராது. 616 உழவர் தோழன் ஃபோன் சேவை பயிர்ச்செய்கைக்கு, பூச்சி நோய் எண்டா விவசாயத் திணைக்களத்தின்ர 1920, ரெண்டும் தமிழில இருக்கு, ஆனா விலைக்கு அதுகள நம்பி இருக்கேலாது.

முதல் வருசம் தம்புள்ளையில கத்தரி கிலோ 110 ரூபா எண்டு கிடக்க எனக்கு 55 தாறியள் எண்டு ஏத்த வந்த அண்ணையோட சண்டையே போட்டனான். அவர் கோவப்படேல்ல. "தம்பி, அது அங்க இறக்கின பிறகு உள்ள விலை, உன்ர படலையில இருந்து அங்க மட்டும் கொண்டுபோறது ஆர்?" எண்டார். அண்டைக்கு ராவு கொப்பியில எழுதிப் பாத்தன், லொறிக் கூலி, பாக், ஏத்தி இறக்கிற நாட்டாமைக் கூலி, கமிசன், வழியில அழுகிறது, எல்லாம் கழிச்சா 70 வந்துது. அடுத்தமுறை 70 எண்டு கேட்டன், 66க்கு முடிஞ்சுது. அதுக்குப் பிறகு நான் ஒருநாளும் அறிக்கையில இருக்கிற விலையை அப்பிடியே கேக்கிறேல்ல, பின்னுக்கு இருந்து கணக்குப் பாத்துத்தான் கேக்கிறன்.

கழிவைப் பற்றி ஒரு அறிக்கையும் சொல்லாது. நான் கொண்டுபோன ஒரு சந்தையில 100 கிலோ நிறுத்தா 90க்குத்தான் காசு. விலை சரியா இருந்தும் பத்துக் கிலோ கத்தரிக்காய் சும்மா போறதைப் பாக்க வயிறு எரியும்.

இன்னொண்டு, வைக்கக்கூடிய சாமானுக்குத்தான் விலை தெரியிறது உண்மையா உதவும். வெண்டி ஒருநாள் விட்டா முத்திப்போகும், என்ன விலையெண்டாலும் குடுக்கத்தான் வேணும். பூசணி அப்பிடியில்ல. போன சிறுபோகம் விலை விழ விழ, காம்போட வெட்டி கொட்டிலுக்க வைக்கோல் போட்டு ஒண்டோட ஒண்டு முட்டாம அடுக்கி, ஒன்பது நாள் அறிக்கையப் பாத்துக்கொண்டே இருந்தன். பத்தாம் நாள் குடுத்ததில கிலோவுக்கு 18 ரூபா கூட.

நெல்லும் இதே கதைதான். 2025 பெப்ரவரியில அரசாங்கம் கிலோவுக்கு நாட்டு நெல்லுக்கு 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 எண்டு அறிவிச்சது, ஆனா அது 14 வீத ஈரப்பதத்துக்கு காஞ்ச நெல்லுக்கு. மெசின் வெட்டின உடன பச்சை நெல்லை வரம்படியில நிக்கிற லொறிக்குத்தான் கனபேர் குடுக்கினம், மெசின் காசும் உரக்கடனும் அண்டைக்கே கட்டவேணும், காயவிட தளமும் இல்ல. 120 எண்டு தெரிஞ்சபடியாத்தான் நான் படங்கு வாங்கி ரோட்டுக்கரையில மூண்டு நாள் காயவிட்டன்.

எனக்குக் குறையா இருக்கிறது எங்கட பக்கத்து விலைதான். கிளிநொச்சி, வவுனியா சந்தையில அண்டண்டைக்கு என்ன விலை, எவ்வளவு கழிவு எண்டு காலமை 6 மணிக்கு முதல் தமிழில ஆரும் ஒழுங்காப் போடுறதெண்டா சொல்லுங்கோ. விசுவமடு விலையை நான் நாளாந்தம் எழுதி அனுப்புறன்.