எலக்‌ஷன்ல நிக்கணும்னா ராஜினாமாவா, விஆர்எஸ்ஸா?

சேலம் பக்கம் கவர்மென்ட் ஸ்கூல் டீச்சருங்க சில பேர் இதையே கேட்டுட்டு இருக்காங்க. சர்வீஸ்ல இருந்துட்டே கட்சில சேரவும் முடியாது, எலக்‌ஷன்ல நிக்கவும் முடியாது, வெளிய வந்தே ஆகணும், ராஜினாமாவா, விஆர்எஸ்ங்கற விருப்ப ஓய்வா, எந்த வழியா வர்றதுங்கறதுதான் கேள்வி.

யாருக்கு முடியும்?
ராஜினாமா: யார் வேணா, எப்ப வேணா.
விஆர்எஸ்: 20 வருஷ சர்வீஸ், இல்ல 50 வயசு.

டைம்?
ராஜினாமா: சீக்கிரம் முடியலாம்.
விஆர்எஸ்: 3 மாசம் முன்னாடியே நோட்டீஸ் குடுக்கணும், கட்சி சீட்டு கடைசி நேரத்துலதான் தெரியும்ங்கறதால இங்கதான் நெறைய பேர் மாட்டிக்கிறாங்க.

பணம்? இதுதான் பெரிய விஷயம். ராஜினாமா பண்ணா அதுவரைக்கும் பாத்த சர்வீஸ் பென்ஷன் கணக்குல வராம அப்படியே வீணா போயிடும், விஆர்எஸ்ல வீணாகாது. 2003 ஏப்ரலுக்கு முன்னாடி வேலைல சேந்தவங்க, பழைய பென்ஷன் இருக்கறவங்க, அவசரப்பட்டு ராஜினாமா எழுதறது சுத்த பைத்தியக்காரத்தனம்ங்க. தோத்துட்டா திரும்ப வேலையும் கெடைக்காது, எம்எல்ஏ எலக்‌ஷனுக்குக் கட்டற 10,000 டெபாசிட்டும் ஆறுல ஒரு பங்கு ஓட்டு தாண்டலன்னா காலி.

ரெண்டுலயும் ரிலீவிங் ஆர்டர் கைக்கு வராம நாமினேஷன் போடாதீங்க. அப்புறம் ஏற்காடு தொகுதி பழங்குடியினருக்கு, ஆத்தூரும் கெங்கவல்லியும் எஸ்சிக்கு ரிசர்வ், அதையும் பாத்துக்கங்க.



சின்ன வயசு, சர்வீஸ் கம்மி, சீட்டும் உறுதின்னா ராஜினாமா. 50 தாண்டிட்டீங்கன்னா விஆர்எஸ்தான், அதுவும் எலக்‌ஷனுக்கு ஆறு மாசம் முன்னாடியே எழுதிக் குடுத்துடுங்க.