வேலூர் வெயில்ல ரெண்டரை வருஷம் ஓடுன என் பட்ஜெட் கேமிங் பிசி

2023 ஆகஸ்ட்ல அசெம்பிள் பண்ணது. புதுசுல எழுதுனா எல்லாமே சூப்பர்னுதான் வரும், அதனால ரெண்டு கத்திரி வெயில் தாண்டட்டும்னு விட்டுட்டேன். போன வாரம் ஃப்ரெண்டோட தம்பி ஆரணியில இருந்து ஒரு லிஸ்ட் அனுப்பி "ணா இது ஓகேவா பாத்து சொல்லு"ன்னான். ப்ராசஸர், கார்டு எல்லாம் நல்லா தேடித்தான் எடுத்திருக்கான், ஆனா கடைசி வரியில "பவர் சப்ளை - கேபினெட் கூடவே ஃப்ரீயா வருது"ன்னு இருந்துச்சு. பார்த்ததும் பகீர்னு ஆயிடுச்சு, ஏன்னா என் லிஸ்ட்லயும் கடைசி வரி அதேதான்.

முதல்ல நான் வாங்குனது. ரைசன் 5 5600 ப்ராசஸர் 12,300, பி450 மதர்போர்டு 6,400, டிடிஆர்4 ரேம் 8 ஜிபி ரெண்டு குச்சி 3,300, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு 21,500, 1 டிபி என்விஎம்இ ஸ்டோரேஜ் 4,200, ஃப்ரீ பவர் சப்ளையோட கேபினெட் 2,600. மொத்தம் 50,300, மானிட்டர் தனியா 10,500. ராணிப்பேட்டை சிப்காட்டுல வேலை பார்க்கிற எனக்கு அது ஒரு வருஷ போனஸ் பிளஸ் சீட்டுக் காசு.

ஏன் 5600ன்னா, கடையில எல்லாரும் 5600ஜி-ய தான் தள்ளுனாங்க, "உள்ளயே கிராபிக்ஸ் இருக்கு சார்"னு. தனி கார்டு போடப்போறவனுக்கு அது நஷ்டம், 5600ல எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி) 32 எம்பி, ஜி-ல பாதி 16 எம்பி தான், கேம்ல அது தெரியும். கார்டு இல்லாம கொஞ்ச நாள் ஓட்டணும்னா மட்டும் ஜி சரி. கார்டுல 6600 எடுத்ததுக்குக் காரணம் 8 ஜிபி மெமரி, 132 வாட் தான் இழுக்கும், ஒரே ஒரு 8 பின் பவர் கனெக்டர். பி450 போர்டுல கார்டு சொருகுற ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0 தானேன்னு ஒருத்தன் பயமுறுத்துனான், 6600க்கு 8 லேன் (டேட்டா போற பாதை) இருக்கு, எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. ஆனா 6500 எக்ஸ்டி மாதிரி 4 லேன் கார்டை இந்த மாதிரி போர்டுல போட்டா நல்லாவே அடி வாங்கும், அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

காட்பாடியில காலையில ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி சென்ட்ரல், அங்க இருந்து மெட்ரோவுல ஒரே ஸ்டாப் கவர்ன்மென்ட் எஸ்டேட், இறங்குனா ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கிற தூரம். சாயங்காலம் ரெண்டு கையிலயும் பையோட சத்துவாச்சாரி வந்து, நைட்டே உட்கார்ந்து மாட்டி ஆன் பண்ணா டிஸ்ப்ளே வரல. கேபிளை போர்டுல இருக்கிற எச்டிஎம்ஐ-ல சொருகியிருந்தேன், 5600ல கிராபிக்ஸே கிடையாது அப்புறம் எப்படி வரும், சரின்னு கார்டுல மாத்தினா அப்பவும் வரல. ரேமைக் கழட்டி, அழிரப்பர்ல துடைச்சு, திரும்ப மாட்டி, விடியற்காலை 2 மணி. காலையில சர்வீஸ் கடைக்குத் தூக்கிட்டுப் போனா அந்த அண்ணன் போர்டு பெட்டியைப் பார்த்துட்டே "பழைய ஸ்டாக்குப்பா, பயாஸ் பழசு, இந்த ப்ராசஸரை அதுக்குத் தெரியாது"ன்னாரு. பயாஸ்னா ஆன் பண்ணதும் போர்டுல முதல்ல ஓடுற சாஃப்ட்வேர். அவர்கிட்ட இருந்த பழைய ரைசனைப் போட்டு பயாஸ் அப்டேட் பண்ணிக் குடுத்தாரு, 300 ரூபா. இன்னொரு விஷயம், பயாஸ் அப்டேட் பண்ணா எக்ஸ்எம்பி (ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டுற செட்டிங்) ஆஃப் ஆயிடும், திரும்ப ஆன் பண்ணாட்டி 3200 ரேம் 2400லயே நொண்டிக்கிட்டு இருக்கும். நான் ஒரு மாசம் அப்படித்தான் ஓட்டுனேன்.

இப்ப அந்த ஃப்ரீ பவர் சப்ளை. மேல பெருசா 450 வாட்னு ஸ்டிக்கர். பக்கத்துல பொடி எழுத்துல 12 வோல்ட் லைன் 14 ஆம்பியர்னு இருக்கும், அதை யாரும் படிக்கிறதில்ல. 12ஐ 14ஆல பெருக்குங்க, 168 வாட். கார்டு 132, ப்ராசஸர் முழு லோட்ல 76, ரெண்டும் சேர்ந்தாலே 208, ரெண்டுமே அந்த 12 வோல்ட் லைன்ல தான் சாப்பிடும். அதுல 8 பின் கேபிளும் கிடையாது, கடைக்காரர் 80 ரூபாய்க்கு ஒரு மோலெக்ஸ் (பழைய நாலு பின் கனெக்டர்) கன்வர்டர் குடுத்து "இதைப் போடு தம்பி ஓடும்"ன்னாரு. ஓடுச்சு, அஞ்சு மாசம். ஜனவரியில ஒரு நாள் நைட் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஆடிக்கிட்டு இருக்கேன், குதிரையில மழையில போறேன், பிளாஸ்டிக் கருகுற வாசனை வருது, நான் பக்கத்து வீட்ல குப்பை எரிக்கிறாங்கன்னு நினைச்சு ஜன்னலைச் சாத்துறேன்! அடுத்த நிமிஷம் எல்லாம் ஆஃப். கழட்டிப் பார்த்தா மோலெக்ஸோட வெள்ளை பிளாஸ்டிக் டீ கலர்ல மாறி, மஞ்ச ஒயரோட இன்சுலேஷன் உருகி கனெக்டரோட ஒட்டிக்கிச்சு, பிரிக்கவே வரல. கார்டு பிழைச்சது என் அதிர்ஷ்டம். 550 வாட்ல 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) ரேட்டிங் உள்ள சப்ளை ஒண்ணு 4,100 குடுத்து வாங்கினேன். இப்ப யார் கேட்டாலும் முதல்ல இந்த 4,000ஐ ஒதுக்கி வச்சுட்டு மிச்சத்துல கார்டு பாருங்கன்னு தான் சொல்றேன்.

புது சப்ளை போட்டதும் இன்னொரு கூத்து. வெறுங்கால்ல தரையில நின்னு கேபினெட்டைத் தொட்டா சுரீர்னு கடிக்குது. டெஸ்டர் வச்சா கேபினெட் பாடியிலயே மின்னுது. சப்ளை ஃபால்ட்டுன்னு மாத்தவே கிளம்பிட்டேன், எதிர் வீட்டு எலக்ட்ரீசியன் அண்ணன் தான் நிறுத்துனாரு. விஷயம் என்னன்னா நல்ல சப்ளையில உள்ளே வர்ற கரண்டை வடிகட்ட ஃபில்டர் இருக்கும், அதுல கசியிற துளி கரண்ட் எர்த் வழியா இறங்கணும். எர்த் இல்லாட்டி பாடியிலயே கிட்டத்தட்ட பாதி வோல்டேஜ் நிக்கும், கரண்ட் கொஞ்சூண்டு தான், ஆனா கடிக்கும். அவர் ஹோல்டர்ல ஒரு குண்டு பல்பைப் போட்டு ஒயரை ஃபேஸ்லயும் எர்த்லயும் வச்சாரு, பல்பு மின்மினி மாதிரி லேசா எரிஞ்சு அணைஞ்சது. "வீட்ல எர்த்தே செத்துப் போச்சுப்பா, மூணு பின் சாக்கெட்டு சும்மா அழகுக்கு இருக்குது."

பின்பக்கம் துளசி மாடத்துக்கிட்ட இருந்த எர்த் குழியைத் தோண்டுனா பைப் துருப்பிடிச்சு கையோட வருது. புது பைப் இறக்கி, கல்லுப்பு ஒரு மூட்டை, அடுப்புக் கரி ஒரு மூட்டை மாத்தி மாத்திக் கொட்டி தண்ணி விட்டாரு. அம்மா வாசல்ல நின்னு "டேய் கம்ப்யூட்டருக்கு ஊறுகாய் போடுறீங்களா"ங்குது. அதுக்கப்புறம் பல்பு பளிச்சுன்னு எரிஞ்சது, கடியும் நின்னுச்சு. இதுல ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் சேர்த்து விடிவு காலம். கோடையில மட்டும் வாரத்துக்கு ரெண்டு தடவை அந்தக் குழிக்கு ஒரு குடம் தண்ணி ஊத்துவேன், காஞ்சா திரும்ப ஆரம்பிச்சிடும்.

யூபிஎஸ் பத்தி சுருக்கமா. 600 விஏன்னா 360 வாட்தான். கேம் ஆடும்போது மானிட்டரோட சேர்த்து என்னோடது 300 கிட்ட போகும், கணக்குப்படி தாங்கணும், ஆனா என் தம்பியோட பழைய 600 விஏ கரண்ட் போன செகண்டே கீச்னு கத்திட்டு செத்துடும். 1100 விஏ வாங்குன பிறகு கேமை சேவ் பண்ணி ஷட்டவுன் பண்ற அளவுக்கு நேரம் கிடைக்குது, அது போதும்.

அடுத்தது வெயில். "மரமில்லா மலை, தண்ணியில்லா ஆறு"ன்னு நம்ம ஊரைச் சொல்வாங்க, கூட காத்தில்லா ரூமையும் சேர்த்துக்கலாம். என் ரூமுக்கு மேல நேரா மொட்டை மாடி, ஏசி கிடையாது. யூட்யூப்ல பில்டு போடுறவங்க எல்லாம் 24 டிகிரி ரூம்ல உட்கார்ந்து டெம்பரேச்சர் காட்டுறாங்க, 2024 மே மாசம் வெளியே 108 ஃபாரன்ஹீட் தாண்டுன நாள்ல என் ரூம்ல நைட் 10 மணிக்கு 38 செல்சியஸ். என் கேபினெட் முன்னாடி முழுக்க கண்ணாடி, உள்ளே கலர் கலரா லைட்டு, காத்து உள்ளே போக ரெண்டு பக்கமும் விரக்கடை சந்து. ப்ராசஸர் 88 தொட்டுச்சு, 5600க்கு 90 தான் எல்லை. கார்டோட ஹாட்ஸ்பாட் (அதுல ரொம்ப சூடான இடம்) 100க்கு மேல. பக்கக் கதவைக் கழட்டி டேபிள் ஃபேனை நேரா வச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, மூணாவது நாள் கார்டு மேல பல்லி எச்சம். உடனே மூடிட்டேன்.

கடைசியில அந்தக் கண்ணாடி டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு முன்னாடி வலை வச்ச கேபினெட் 3,700க்கு வாங்கி, முன்னாடி ரெண்டு ஃபேன் பின்னாடி ஒண்ணு. ப்ராசஸர், கார்டு ரெண்டுலயும் 9, 10 டிகிரி இறங்குச்சு. இன்னும் கொஞ்சம் இறக்குனது காசே இல்லாத வேலை: ஏஎம்டி சாஃப்ட்வேர்ல கார்டுக்கு அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் கொஞ்சம் குறைக்கிறது), கதை கேமுக்கு எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்) 75ல கேப். 300 வாட் பிசின்னா ரூம்ல 300 வாட் ஹீட்டர் எரியுதுன்னு தானே அர்த்தம், கேப் போட்டதும் ரூமே கொஞ்சம் அடங்குச்சு. மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும் அப்படித்தான், மழை வந்ததும் எடுத்துடுவேன். வலை வச்சதால தூசி ஜாஸ்தி, மாசம் ஒரு தடவை ப்ளோயர் போடணும்.

ரெண்டு வருஷம் ஆச்சேன்னு போன ஆகஸ்ட்ல ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல தடவுற தெர்மல் பேஸ்ட் மாத்தப் போய் உயிரே போச்சு. ஸ்க்ரூ நாலையும் கழட்டிட்டு கூலரை நேரா மேல இழுத்தேன், காஞ்ச பேஸ்ட் பசை மாதிரி பிடிச்சுக்கிட்டு ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கிட்டு வந்துடுச்சு. என் போர்டோட ஏஎம்4 சாக்கெட்டு வகையில பின் எல்லாம் ப்ராசஸர் அடியில தான், 1331 பின், ஓரத்துல ரெண்டு சாஞ்சு நிக்குது. மைக்ரோ டிப் பென்சில்ல லெட்டை எடுத்துட்டு, அந்தக் குழாய் முனையை பின்ல சொருகி மெதுவா நிமித்தினேன். தம்பி செல்போன் லைட் அடிக்கிறான், ரெண்டு பேரும் மூச்சே விடல. சத்தமில்லாம சாக்கெட்டுல இறங்குச்சு. பத்து நிமிஷம் ஏதாவது கேம் ஓட்டி சூடாக்கிட்டு, கூலரை இடம் வலமா திருகி எடுத்தா இந்தப் பிரச்சினையே வராதாம், அப்புறம்தான் தெரிஞ்சுது.

கேம்? 1080பி-க்கு இன்னைக்கும் குறை இல்ல. வாலரன்ட் 200 எஃப்பிஎஸ்க்கு மேல, ரெட் டெட் ஹை செட்டிங்ல 60க்கு மேல, சைபர்பங்க் ரே டிரேசிங் (நிஜம் மாதிரி வெளிச்சம் காட்டுற செட்டிங்) ஆஃப்ல நல்லா போகுது, ஆன் பண்ணா ஸ்லைடு ஷோ. ஆனா 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம்ல 6600ஐ மினிமம்னு போட்டுட்டாங்க, அதைப் பார்த்ததும் லேசா மனசு உடைஞ்சுது.

ஆரணி தம்பிக்கு என்ன சொன்னேன்னா, லிஸ்ட்டை அப்படியே வை, ஃப்ரீ சப்ளையை மட்டும் வெட்டு, கண்ணாடி கேபினெட்டை வெட்டு. பட்ஜெட் தாண்டுதுன்னா 1 டிபி-ய 500 ஜிபி ஆக்கு, பின்னாடி சேர்த்துக்கலாம். பழைய ஆபீஸ் பிசி மூணாம் ஜெனரேஷன் ஐ5 சல்லிசா கிடைக்குதுன்னு அவன் மாமா சொன்னாராம், அதுல விண்டோஸ் 11 முறையா ஏறாது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சுது, வேணாம்னுட்டேன். ரேம் விலை தான் இப்ப கண்ணைக் கட்டுது, நான் 3,300க்கு வாங்குனதுக்கு இன்னைக்கு கடைக்காரர் சொன்ன ரேட்டைக் கேட்டு அவன் போனைக் கட் பண்ணிட்டான். செகண்ட்ஸ்ல ரேம் வாங்கலாம், தப்பில்ல, பவர் சப்ளை மட்டும் செகண்ட்ஸ் வேணாம்.

என்னோடதுல இப்ப யூபிஎஸ் பேட்டரி இழுத்துக்கிட்டு இருக்கு, நேத்து நைட் கரண்ட் போனப்ப ஒரு நிமிஷம் கூட நிக்கல. ஞாயித்துக்கிழமை கழட்டிட்டுப் போய் மாத்தணும்.