மூன்று விரல் தடம்: நாய்களுக்கான களிமண் கால்தடப் பெட்டி எப்படி இருக்கிறது?

இறந்துபோன நாயின் நினைவாக என்று விற்கிற பொருள்களில் நான் மனதாரச் சிபாரிசு செய்வது இந்தக் கால்தடப் பெட்டியைத்தான். படம் அச்சிட்ட குவளை, பெயர் பொறித்த சாவிக்கொத்து எல்லாம் எனக்கு ஒட்டவில்லை. தடத்தில் அந்த நாயே வந்து தொட்டிருக்கிறது.

பெட்டிக்குள் தானாகவே உலரும் வெள்ளைக் களிமண், சின்ன உருளை, வட்ட அச்சு, போட்டோவும் தடமும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிற மரச்சட்டம், கொஞ்சம் முடியைப் போட்டு வைக்க ஒரு கண்ணாடிக் குப்பி. சுட வேண்டிய வேலை இல்லை.

எங்கள் துரைக்கு முன்னங்காலில் ஒரு விரல் கிடையாது. எங்களிடம் வருவதற்கு முன்பே ஏதோ வண்டி ஏறியிருக்கும் என்றார் மருத்துவர். வயதாகி அவன் படுத்தே கிடந்த நாள்களில், அயர்ந்து தூங்கும்போது அந்தக் காலைத்தான் எடுத்தேன். நடுவில் பெரிய திண்டு, அதற்கு மேலே மூன்று விரல்கள், நான்காவது இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று வெறும் களிமண். கோணலாக வளர்ந்த நகம் இழுத்த கோடுகூட ஓரத்தில் விழுந்திருக்கிறது. துரையின் போட்டோக்கள் எத்தனையோ இருக்கின்றன, எல்லாவற்றிலும் முகம்தான். தெருவில் அவன் என்ன பாடுபட்டான் என்பதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே அடையாளம் இந்தத் தடம்.

எடுப்பது சுலபம், ஆனால் அவசரம் ஆகாது. திண்டுகளுக்கு இடையே இருக்கும் முடியைக் கத்தரித்து, பாதத்தைத் துடைத்து ஈரம் போக உலர்த்துங்கள். களிமண்ணை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, ஒரே தடவையில் அழுத்தி, ஒவ்வொரு விரலையும் மேலிருந்து லேசாக அமுக்கிவிட்டு நேராகத் தூக்க வேண்டும். முன்னங்காலே நல்லது. நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. பாதமும் அகலம், தடமும் நன்றாக விழும்.

உயிரோடு இருக்கும்போதே எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். எங்கள் இன்னொரு நாய் அம்மு விஷயத்தில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை, திடீரென்று போய்விட்டாள். இறந்த சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கிவிடும், அப்புறம் விரல்கள் விரியாது. அதனால் உடம்புச் சூடு ஆறுவதற்குள்ளேயே எடுத்தோம். ஒருக்களித்துக் கிடந்தவளைப் புரட்டாமல், தங்கை களிமண்ணைத் தட்டோடு காலுக்கு நேராகப் பிடித்துக்கொள்ள, நான் அழுத்தினேன். அழுதுகொண்டே செய்த வேலைதான், தடம் சுத்தமாக வந்தது.

குறைகளும் உண்டு. வெயிலில் காயவைக்கச் சொல்கிறது உள்ளே இருக்கும் துண்டுச்சீட்டு. அப்படிச் செய்யாதீர்கள். வேகமாகக் காய்ந்தால் ஓரம் சுருண்டு வெடிப்பு விடும். நிழலில், அவ்வப்போது திருப்பிப் போட்டு, முழுக்கக் காயும்வரை விட வேண்டும். காயும்போது மண் சுருங்குவதால் தடம் நிஜப் பாதத்தைவிடச் சற்றுச் சின்னதாகத்தான் இருக்கும். ஈரம் பட்டால் திரும்ப இளகும், எனவே காய்ந்தபின் வார்னிஷ் பூசுவது அவசியம், அது பெட்டியில் இல்லை. பெரிய நாயென்றால் மண் போதாது. எழுத்து அச்சுகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்ததால், பல்குத்தும் குச்சியால் ‘அம்மு’ என்று ஈர மண்ணில் கீறினேன். அச்சைவிட அது அழகாகவே இருக்கிறது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது சட்டத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் ‘பிறந்த தேதி’. மீட்கப்பட்ட நாய்க்கு அதை யாரிடம் போய்க் கேட்பது? ஏழு மாதத்துக்குள் நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். அதற்குப் பிறகு பல்லின் தேய்மானத்தையும் காரையையும் பார்த்து மருத்துவர் சொல்கிற வயது உத்தேசக் கணக்குதான். நான் அதன்மேல் தாள் ஒட்டி ‘வீட்டுக்கு வந்த நாள்’ என்று எழுதிக்கொண்டேன். அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

குப்பிக்கு ஒரு யோசனை: காதுக்குப் பின்னால் இருக்கும் மென்மையான முடியை எடுங்கள், ஈரம் துளியும் இல்லாமல் மூடுங்கள். அதில் சாம்பலும் வைக்க விரும்பினால், தனியாகத் தகனம் செய்வார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல உடல்களைச் சேர்த்து எரித்தால் உங்கள் நாயின் சாம்பலை மட்டும் பிரித்துத் தர முடியாது.

ஒரு நாய் வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். வயதான, நோயுற்ற நாய்களைத் தொடர்ந்து கூட்டிவந்து பார்த்துக்கொள்கிறவர்கள் இந்த வகைக் களிமண்ணைத் தனியாகவே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருங்கள். சட்டத்தைப் பிறகு எந்தத் தச்சரிடமும் செய்துகொள்ளலாம்.