ஞானப்பல் பிடுங்க எது தோதான நாள்: பீரியட்ஸ் சமயமா, சுழற்சியின் நடுவா?

கீழ்த்தாடையின் இரண்டு ஞானப்பற்களையும் ஏழு மாத இடைவெளியில் எடுத்துக்கொண்டேன். இடப்பக்கம், பீரியட்ஸ் தொடங்கிய 12-ஆம் நாள். வலப்பக்கம், 2-ஆம் நாள். இன்னொரு பல் மிச்சமிருந்தால் மறுபடியும் 2-ஆம் நாளைத்தான் கேட்பேன்.

நடுச்சுழற்சியின் வசதி தெரிந்ததுதான். வயிற்றுவலி இல்லை, அலுப்பு இல்லை, நாற்காலியில் நிம்மதியாகச் சாயலாம். முதல் தடவை அதற்காகத்தான் அந்தத் தேதியைப் பிடித்தேன். மூன்றாம் நாள் ராத்திரி காதுவரை இழுத்த வலியில் வசதியெல்லாம் பறந்துவிட்டது. குழியில் இருக்கவேண்டிய ரத்தக்கட்டைக் காணோம், எலும்பு தெரிந்தது. ட்ரை சாக்கெட். டாக்டர் குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய் வாசனை அடிக்கும் மருந்தை வைத்து அடைத்த பிறகுதான் தூங்கினேன்.

என் கணக்கில் எல்லாமே அந்த ரத்தக்கட்டுதான். பல் போன குழியை மூடிக் காப்பது அது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கூடினால் ரத்தக்கட்டைக் கரைக்கும் வேலையும் உடலில் கூடலாம். முட்டை வெளிவருவதற்குச் சற்று முன் ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கும். பீரியட்ஸ் நாட்களில் அடிமட்டத்தில். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு ட்ரை சாக்கெட் அதிகம் வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. 28 நாள் மாத்திரை அட்டையில், பெரும்பாலும் ஹார்மோன் இல்லாத 23 முதல் 28 வரையான நாட்களில் பல்லை எடுங்கள் என்பது அவர்களுக்குப் பல் மருத்துவர்கள் வெகுநாளாகச் சொல்லிவரும் யோசனை.

பீரியட்ஸ் நாளிலும் தொல்லை உண்டு. இடுப்புவலியோடு வாயைப் பிளந்துகொண்டு கிடப்பது சுகமில்லை. அப்புறம் மாத்திரை விஷயம்: மாதவலிக்கு மெஃபனமிக் அமிலம் போடுகிறவர்கள், பல்லுக்குத் தரும் ஐபுபுரூஃபனையும் சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டும் ஒரே இனம், வயிற்றைப் புண்ணாக்கும். எனக்கு ஐபுபுரூஃபன் ஒன்றே இரண்டு வலியையும் பார்த்துக்கொண்டது.

ஆனால் பழியை முழுக்கத் தேதிமேல் போடவும் மனசு வரவில்லை. இடப்பக்கப் பல் சாய்ந்து எலும்பில் மாட்டியிருந்தது, குடைந்துதான் எடுத்தார்கள். வலப்பக்கம் நேராக வந்தது. கஷ்டப்பட்டு எடுத்த குழியில் ட்ரை சாக்கெட் வருவது சகஜம். சிகரெட் பிடிப்பவர்களுக்கும் அப்படியே. சீழ், வீக்கம் என்று வந்துவிட்டாலோ காலண்டரைப் பார்க்காமல் அன்றைக்கே போய்விட வேண்டியதுதான்.